வெயில் தாழ இறங்கியவர்

தொழிற்சாலையில் இருபது வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவருக்கு வீடு மாற்றுவதெல்லாம் எம்மாத்திரம்? நடுக்கோடையில் மூன்றாம் மாடியைக் காலி செய்ய வேண்டியிருந்தது; லிஃப்ட் கிடையாது. அதிகாரி ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டார். காலை ஐந்தரைக்கு ஆரம்பம், ஒன்பதரைக்குள் கடைசிப் பெட்டி லாரியில். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும். யாரும் பதற்றப்படக் கூடாது. இதைச் சிவப்பு மையில் எழுதிக் கதவில் ஒட்டினார். மனைவி படித்துவிட்டு, பாத்திரங்களைப் பழைய புடவையில் சுற்றப் போனாள்.

லாரி பதினொன்றரைக்கு வந்தது. வழியில் டயர் பஞ்சராம். அதுவரை பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்து, போனில் கத்திக் கத்தி அதிகாரிக்குத் தொண்டை வறண்டிருந்தது. சுமை தூக்க வந்தவர்கள் மூன்று பேர். மூத்தவரான மேஸ்திரி மாடியேறி வந்து ஜன்னல் வழியாக வெளியே ஒரு தரம் பார்த்தார்.

"இந்த வெயில்ல பீரோவைத் தூக்கினா ஆள் விழுந்துடுவான் சார். நாலரைக்கு மேல ஆரம்பிக்கலாம்."

சொன்ன கையோடு மூவரும் கூடத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெப்பத்தைப் பற்றி வகுப்பே எடுப்பவரிடமா இந்தப் பேச்சு? முறையாகத் தூக்கினால் ஒன்றும் ஆகாது, பாருங்கள் என்று புத்தகப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். வைத்துவிட்டு ஏறி வந்து இரண்டாவதையும் எடுத்தார். மூன்றாவது பெட்டியோடு இரண்டாம் மாடித் திருப்பத்தில் கண் இருட்டியது. சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தார்.

மேஸ்திரிதான் முதலில் ஓடி வந்தார். சட்டைப் பித்தானைக் கழற்றி, கழுத்தில் ஈரத்துண்டு சுற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். எல்லாம் அதிகாரி வகுப்பில் சொல்லும் வரிசைப்படியே நடந்தது. அரை மணியில் முகம் தெளிந்தது. கெண்டைக்கால் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மனைவி டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டாள். இன்றைக்கு அவர் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று உத்தரவு.

நாலரைக்கு வேலை தொடங்கியது. யார் குரலும் உயரவில்லை. ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை. கடைசியில் மிச்சமிருந்தது ஒரு பிரம்பு நாற்காலியும் அதில் உட்கார்ந்திருந்த அதிகாரியும்தான். தனித்தனியாக எதற்கு என்று மேஸ்திரி இரண்டையும் சேர்த்தே தூக்கச் சொன்னார்.

புது வீட்டிலும் அப்படியேதான் இறக்கினார்கள். நடந்தே வருகிறேன் என்று அவர் முனகியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலி வாசலைக் கடப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"பாவம், எத்தனை வருஷமா இப்படி இருக்காரு?"

மனைவி சற்று யோசித்தாள்.

"கல்யாணம் ஆனதிலேருந்தே இப்படித்தாங்க."

அதிகாரிக்கு அது நன்றாகவே கேட்டது. மறுத்துப் பேச வாயைத் திறந்தார். மேஸ்திரி தண்ணீர் டம்ளரை நீட்டினார். வாங்கிக் குடித்தார்.