மூடியில் ஒரு சாண்

குளிர்பெட்டியின் மூடியைத் துடைப்பதற்காக ராமக்காள் பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றினாள். முத்துமீனா எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஸ்பிரிட்டு வேணாங்க்கா. பிளாஸ்டிக்கு வெடிச்சிரும்.”

“இனிமே வெடிக்க என்ன இருக்கு? உள்ள ஆளு இருக்கா இல்லையான்னே தெரியல.”

உள்ளே இருப்பது முத்துமீனாவின் கணவர் நல்லகாமன். ராமக்காள் அவருடைய அண்ணன் மனைவி. அவள் சொன்னது சரிதான். மூடி எப்போதோ கண்ணாடி மாதிரி இருந்திருக்கும். வாடகைக்குப் போன ஒவ்வொரு வீட்டிலும் கைக்குக் கிடைத்ததை ஊற்றித் துடைத்திருக்கிறார்கள். மாலைக் கம்பிகள் கீறியிருக்கின்றன. கொரோனாவின்போது அடித்த சானிடைசர் மேற்பரப்பை வெளுக்க வைத்திருந்தது. உள்ளே வேட்டியின் வெள்ளை தெரிந்தது. மாலையின் சிவப்பு தெரிந்தது. அதற்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், மங்கலாக ஒரு நிறம்.

காலை ஒன்பது மணிக்கு மகன் சூரியபிரகாஷ் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டிருந்தான். நாளைக்குத்தான் அவனுக்கு விமானம். இங்கே இன்று மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். முத்துமீனா போனை மூடிக்கு அருகில் கொண்டுபோனாள்.

“வெள்ளையா இருக்கும்மா. அப்பா முகம் தெரியல.”

அவள் பக்கம் மாறி நின்று பிடித்தாள்.

“இப்பவும் தெரியல. மூடியத் தொறக்கச் சொல்லும்மா.”

“தொறக்க முடியாதுப்பா.”

ஏன் என்று சொன்னாள்.

“ரெண்டு மணிக்குக் கூப்புடுறேன். எப்பிடி இருந்தாலும் பரவால்ல. நான் பாக்கணும்மா.”

திறக்க முடியாதுதான். முந்தின நாள் மாலைதான் அண்ணன் உக்கிரபாண்டி, தம்பியின் பட்டறைக் கதவை உடைத்து உடலைக் கண்டார். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறை. மே மாத வெயிலில் உடல் அதற்குள்ளேயே கிடந்திருக்கிறது. பெட்டி கொண்டுவந்த சோணை, மூடியைப் பூட்டிவிட்டு, “இனி தொறக்காதீகண்ணே” என்று சொல்லிவிட்டான். திருமங்கலத்தில் அக்கா பேத்தியின் காதுகுத்துக்குப் போயிருந்த முத்துமீனா வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணி. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவளும் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது மணி பதினொன்றரை. ராமக்காளின் கையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு முத்துமீனா மாடிக்கு ஏறினாள்.

“எங்கத்தா போற?” என்று கீழிருந்து யாரோ கேட்டார்கள்.

“வாரேன்.”

உடைந்த கதவு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அலமாரியில் நாற்பதுக்கும் மேற்பட்ட பழைய தொலைபேசிகள். கறுப்பு, சிவப்பு, பச்சை, தந்த நிறம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவை. காபிக் கடைகளில் அழகுக்கு வைப்பார்கள், சிலர் சேர்த்து வைப்பார்கள். வெயிலும் வருடங்களும் மஞ்சளாக்கிய கூடுகளை நல்லகாமன் கழற்றி, கழுவி, பியூட்டி பார்லரில் முடியை வெளுக்கப் பூசும் கிரீமைத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வெயிலில் வைப்பார். அரை மணிக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். மஞ்சள் போனதும் முத்துமீனாவிடம் வரும். கீறல் எடுப்பதும் மெருகேற்றுவதும் அவள் வேலை. இருபது வருடமாக அப்படித்தான். கறுப்புக் கூடுகளில் கிரீம் கூடாது. அவை நேராக அவளிடம் வந்துவிடும்.

பட்டறைக்கு வெளியே, பலகையின்மேல், கிரீம் பூசிய மூன்று கூடுகள் அப்படியே இருந்தன. யாரும் தொடவில்லை. கிரீம் காய்ந்து உதிர்ந்திருந்தது. வெயில் பட்ட பக்கம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. தாள் சுருங்கிய இடங்களில் வரி வரியாகத் தழும்பு. கீழ்ப்பக்கம் இன்னும் தேநீர் நிறம்.

பலகையில் ஒட்டியிருந்த காகித நாடாவில், திருப்பும் நேரங்களைப் பேனாவால் எழுதியிருந்தார். ஞாயிறு. 11.00. 11.30. 12.00. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

உயிர் போனது ஞாயிறு இரவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அன்று மாலை நான்கு மணிக்கு முத்துமீனா காதுகுத்து வீட்டிலிருந்து இவரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். “கையில கிரீமோட இருப்பாரு” என்று அக்காவிடம் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் காலையும் எடுக்காதபோது, வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டாள். மதியத்துக்கு மேல்தான் உக்கிரபாண்டிக்குப் போன் செய்தாள்.

நாடாவை உரித்தாள். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தன் மெருகுச் சாமான் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பெட்டியின் தலைமாட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டாள். வாட்டர் பேப்பரை, அந்த நைசான உப்புத்தாளை, நனைத்து, முகத்துக்கு நேராக ஒரு சாண் அகலத்துக்கு, இடமிருந்து வலமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

சோணை வாசலிலிருந்து ஓடி வந்தான்.

“யக்கா, என்னக்கா பண்றீக? நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகணும் இந்தப் பெட்டி.”

“போகட்டும். அவுகளுக்கும் மூஞ்சி தெரியும்.”

பேப்பர் பட்ட இடம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஆனது. இருந்த மங்கல் நிறமும் மறைந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

“இருந்ததும் போச்சு,” என்றாள் ராமக்காள்.

“மொதல்ல இப்பிடித்தான் ஆகும்க்கா.”

உக்கிரபாண்டி பந்தலிலிருந்து உள்ளே வந்தார். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார்.

“ஏத்தா, புருசன் பெட்டி மேல ஒக்காந்து தேச்சுக்கிட்டு இருந்தா ஊரு என்ன பேசும்?”

“பேசட்டும் மாமா. பய ரெண்டு மணிக்குக் கூப்புடுவான்.”

“அவன் பாத்து என்ன செய்யப் போறான்? நான் பாத்தேன்ல, போதாதா? மொகம் பழைய மாதிரி இல்லத்தா.”

“அவன்ட்ட சொல்லிட்டேன்.”

“தெரியாம இருக்கறதே நல்லதுன்னு விட்டுரு.”

அவள் முதல் தாளைவிட நைசான ஒன்றை எடுத்து, இந்த முறை மேலிருந்து கீழாகத் தேய்த்தாள். முதலில் விழுந்த கோடுகள் போகும்வரை தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் வட்டங்கள் நின்றுவிடும். அவர் சிறிது நேரம் நின்றுவிட்டு வெளியே போனார்.

ஒரு மணிக்கு மெருகேற்றும் பேஸ்டை எடுத்தாள். மூடி சில்லென்றிருந்தது. பேஸ்ட் கட்டியாகி, இழுபடாமல் நின்றது. மாடியில் கூடுகளைச் சற்று வெயிலில் காயவைத்துச் சூடேறிய பிறகுதான் பேஸ்ட் போடுவார்கள். இங்கே மூடிக்குக் கீழே குளிரூட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கைகளை மூடியில் பதித்துப் பார்த்தாள். கை மரத்துப்போனதுதான் மிச்சம்.

“யக்கா, சூடா ஒரு துணி வேணும். மாடித் தரையில ஒரு துண்டப் போட்டு எடுத்தாங்க.”

ராமக்காள் அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். இரண்டு துண்டுகளை மாற்றி மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றைப் போட்டு எடுப்பதற்குள் இன்னொன்று மாடியில் சூடேறிக்கொண்டிருந்தது.

நான்காவது முறை ஏறி இறங்கியபோது மூச்சு வாங்க, “போனு நாப்பது கெடக்கு வீட்டுல. ஒண்ணுலயாச்சும் மனுசன் ஒரு நாளு பேசிருப்பானா?” என்றாள்.

“பேசிட்டாலும்,” என்றாள் பக்கத்து வீட்டு ஒச்சாயி. “இப்ப உசுரோட இருந்தா, தேக்கிறது சரியில்லன்னு பொண்டாட்டிகூட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பான்.”

இரண்டு மூன்று பேர் சிரிப்பு வர வாயைப் பொத்திக்கொண்டார்கள். முத்துமீனா தேய்த்துக்கொண்டிருந்தாள். பழைய பனியன் துணி. எப்போதும் அவருடைய பனியன்களைத்தான் வெட்டி வைப்பார்கள். புதுத் துணி கீறிவிடும்.

மெருகேற்றும்போது பொருளுக்குள் பார்க்கக் கூடாது. மேலே விழும் வெளிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். கூரையிலிருந்த டியூப் லைட் மூடியில் வெள்ளைப் புகையாக விழுந்திருந்தது. தேய்க்கத் தேய்க்கப் புகை ஒடுங்கியது. ஒரு பட்டையானது. பட்டைக்கு விளிம்புகள் வந்தன. விளிம்புகள் கத்தி மாதிரி ஆகும்வரை அவள் கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. ஆழமாக ஓடிய வெடிப்புகள் இரண்டு அப்படியே நின்றன. அவை போகாது.

மணி இரண்டானது. போன் அடித்தது.

ஒச்சாயி எடுத்து நீட்டினாள். முத்துமீனா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மகனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பி, அந்த ஒரு சாண் இடத்துக்கு மேலே பிடித்தாள். அவள் பக்கம் இப்போது போனின் முதுகும், அதைப் பிடித்த தன் கையும்தான் தெரிந்தன.

“தெரியுதாப்பா?”

மறுமுனையில் எங்கோ ஏதோ லாரி பின்னால் வரும் ஒலி கேட்டது.

“சூரியா.”

“தெரியுதும்மா.”

அவள் கையை அசைக்காமல் பிடித்திருந்தாள். இரண்டு நிமிடம் இருக்கும்.

“அப்பா ஷேவ் பண்ணலயாம்மா?”

“ஞாயித்துக்கெழம பண்ணிருக்க மாட்டாரு. வேலை கெடந்துச்சு.”

“நீ பாத்தியாம்மா?”

“நீ பாருப்பா.”

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து அவன், “வச்சிரும்மா” என்றான்.

அவள் போனை விலக்கியவுடன் ராமக்காள் குனிந்தாள். அவள் நிமிர்வதற்குள் பின்னால் ஒச்சாயி நின்றாள். யாரும் சொல்லாமலே வரிசை உண்டானது. பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். கொள்ளி வைக்கப்போகும், நல்லகாமனுடைய அண்ணன் மகன் செல்வக்குமார் ஈர வேட்டியோடு வந்து நின்றான். ஒவ்வொருவராகக் குனிந்து, இரண்டு பக்கமும் கையை ஊன்றி, பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். யாரும் கத்தி அழவில்லை. சோணையும் ஒரு முறை வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனான்.

முக்காலியை யாரோ ஓரமாக எடுத்துப் போட்டிருந்தார்கள். முத்துமீனா சுவரோரமாகத் தள்ளப்பட்டிருந்தாள். பேஸ்ட் டப்பாவை மூடினாள். வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

அவளுக்கு முன்னால் உக்கிரபாண்டி நின்றார். அவர் முறை வந்ததும் குனிந்தார். மற்றவர்களைவிட அதிக நேரம் குனிந்திருந்தார். வெளியே சங்கு ஊதினார்கள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் விலகி நடந்தார்.

அவள் குனிந்தாள். குளிர்ந்த மூடியில் உக்கிரபாண்டியின் மூச்சு பட்டு ஆவி படிந்து, தேய்த்த இடம் முழுவதும் வெள்ளையாக மறைந்திருந்தது. துணி கையில் இருந்தது. அவள் துடைக்கவில்லை. தன் மூச்சை அடக்கிக்கொண்டு, ஓரங்களிலிருந்து அது மெல்லக் கலையும்வரை அப்படியே குனிந்திருந்தாள்.