ஒரு சொல்லுக்கு விட்ட இடம்

"தானம் வாங்குதவன் ஏன் திரும்பிப் பாக்காமப் போறான்னு தெரியுமாளா ஒனக்கு?"

சிவபாலன் அண்ணாச்சி இதைக் கேட்டபோது டயாலிசிஸ் முடிந்து, ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. வருகிறவர்களின் பெயர், எடை, பிரஷர் மூன்றையும் நோட்டில் எழுதுவது என் வேலை. பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒருநாள் வகுப்பே சிரித்தது. மறுநாள் நான் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. எழுத மட்டும் பிடிக்கும். தீர்ந்துபோன நோட்டுகளின் பின்பக்கங்களில் இங்கே காதில் விழுவதை எழுதி வைப்பேன். அது யாருக்கும் தெரியாது.

அண்ணாச்சிக்குத் திருச்செந்தூரில் கோயிலுக்குப் போகிற வழியில் கருப்பட்டிக் கடை. இரண்டு வருஷமாகச் செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறி வருகிறார். கூடவே அவர் மனைவி சண்முகத்தாய் அக்காவும் வருவாள். தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதாக அவளே சொன்னாள். எல்லாச் சோதனையும் முடிந்து பொருந்திவிட்டது. மூன்று மாதமாகச் சம்மதப் படிவத்தில் அண்ணாச்சியின் கையெழுத்துதான் பாக்கி.

நோயாளிகளுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்கிற ஜெயபிரியா அக்கா, அவருக்குக் கத்தி என்றால் பயம் என்று நினைத்திருந்தாள். படம் வரைந்து காட்டினாள். ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம், மறுபடி சமைக்கலாம், கடையில் உட்காரலாம் என்றாள். ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு தம்பதியை அழைத்து வந்து பேசவைத்தாள். எல்லாவற்றுக்கும் அவர் "சரிம்மா" என்பார். கையெழுத்து மட்டும் போடமாட்டார்.

"தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

"எங்கப்பாவுக்கு ஏழரைச் சனி. கடக்கரையில வச்சு ஒருத்தருக்கு எள்ளும் இரும்புச்சட்டியும் குடுத்தாரு. வாங்குனவரு அப்படியே நடந்தாரு, திரும்பவே இல்ல. பெறவு குடுத்தவன் மொகத்துல அவரு முழிக்கக் கூடாதாம். அதான் தானம். எம் பொண்டாட்டிகிட்டத் தானம் வாங்கிட்டு, அவ மொகத்துல முழிக்காம நான் எங்கன போவேன்?" பஞ்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். "நீ யார்ட்டயும் பேச மாட்டேல்லா, அதான் சொல்லுதேன். வாரேன்ளா."

ஆஸ்பத்திரியில் இருந்து கிளம்புகிறவர்கள் 'வாரேன்' என்று சொல்லமாட்டார்கள். எங்கள் வார்டில் மட்டும் எல்லோரும் சொல்வார்கள். வராமல் முடியாதே.

அடுத்த வாரம் நோயாளிகளுக்கும் வீட்டாட்களுக்கும் ஒரு கூட்டம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஜெயபிரியா அக்கா வெள்ளை அட்டையையும் ஸ்கெட்ச் பேனாவையும் தந்தாள். 'சிறுநீரக தானம்: உங்கள் சந்தேகங்கள்' என்று எழுத வேண்டும். 'சிறுநீரக' வரைக்கும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

"என்ன முத்துமாரி, எழுத்து மறந்துபோச்சா?" என்றாள்.

அண்ணாச்சி என்னை நம்பிச் சொன்னது. சொன்னால் இனி என் மேசைக்கு எதிரே உட்காரமாட்டார். சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை செவ்வாய், எத்தனை வெள்ளி. சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

ஜெயபிரியா அக்கா அட்டையைப் பார்த்தாள். "மூணு மாசமா நான் கிட்னியைப் பத்தியே பேசிட்டிருந்திருக்கேன்" என்றாள். "அந்த இடத்தை அப்படியே விடு."

கூட்டத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். "இங்க ஒரு சொல்லு வரணும்" என்று அட்டையைக் காட்டினாள். "தானம்னு போடச் சொல்லுதாங்க. பொண்டாட்டி புருஷனுக்குத் தர்றதைத் தானம்னு சொல்லலாமா?"

அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மூடினேன்.

சண்முகத்தாய் அக்காவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ஆனாலும் அவள்தான் முதலில் பேசினாள். "தானமா? நல்லாருக்கே. உப்பில்லாத சோத்த இவுகளுக்குத் தனியா வடிச்சு வைக்கேன். அத வச்சுக்கிட்டு எந்தட்டுல கெடக்க கருவாட்ட எடுத்துத் திங்காக. அதுக்கு என்னைக்காவது தானம்னு பேரு வச்சாகளா?"

கூட்டமே சிரித்தது. நர்ஸ் கிரேசி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "கருவாடா அண்ணாச்சி? பிரஷர் ஏன் எறங்கலன்னு இப்பத்தான் தெரியுது."

"ஏளா, அத ஏன் இங்கன சொல்லுத" என்றார் அண்ணாச்சி. முகம் காதுவரை சிவந்திருந்தது.

"பின்ன எங்கன சொல்ல? எந்தட்டுல கைவைக்கும்போது வராத வெக்கம் இதுக்கு மட்டும் எங்க இருந்து வருதுங்கேன்."

அவர் அட்டையில் இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் சிரித்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு வந்து, "பேசவும் செய்வியாளா நீ?" என்று என் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை. மறந்துதான் எடுத்துப்போனார் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை மதுரையில் ஆபரேஷன். அதற்கு முந்தின வெள்ளி எடை எழுதினேன், பிரஷர் எழுதினேன். அது இறங்கியிருந்தது. டயாலிசிஸ் முடிந்ததும் என் மேசையில் ஒரு கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை வைத்தார். வழக்கமான 'வாரேன்ளா'வுக்காகக் காத்திருந்தேன். அவர் வாய் திறந்தது, அப்படியே மூடிக்கொண்டது. ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைத் தாண்டினார்.

வெளியே இரண்டு எட்டு வைத்ததும் நின்று திரும்பினார். சண்முகத்தாய் அக்கா உள்ளே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் மாட்டிக்கொண்டு வருகிற வரைக்கும் அவள் முகத்தையே பார்த்தபடி வெயிலில் நின்றார்.