குப்பிக்குள் பெய்த மழை

கொல்லங்கோட்டுக்கு ரயில் வராத காலம் அது. எங்கள் ஊர் முதலமடைக்குக் கிடைக்க இருந்த அரசாங்கக் கிணற்றைக் கெடுக்கப் பார்த்தவள் நான்தான். ஊரில் யாரைக் கேட்டாலும் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷமாக மழை இல்லை. ஊர்க் கிணறுகள் வறண்டுவிட்டன. ஒரு குடம் தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடந்தோம். இந்தப் பக்கத்தில் மழை குறைந்த ஓர் ஊருக்கு மட்டும் ஆழக் கிணறு வெட்டித் தருவதாகத் தாலுகா கச்சேரியில் முடிவானது. எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள ஊருக்கொரு மழைமானியை நட்டார்கள். எங்கள் ஊரில் அதை எங்கள் வாசலில் நட்டு, என் வீட்டுக்காரர் குப்பண்ணனிடம் ஒப்படைத்தார்கள்.

ஒரு செம்புக் குழாய், மேலே புனல், உள்ளே ஒரு குப்பி. காலை எட்டு மணிக்குக் குப்பியை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் கவிழ்த்து, எத்தனை அங்குலம் என்று நோட்டில் எழுத வேண்டும். "கண்ணாடி சொல்றதை எழுது. உன் யோசனையை எழுதாதே" என்று சொல்லிவிட்டுப் போனார் மழைக்கணக்கு அதிகாரி மத்தியாஸ். அவருக்கு ஆள் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு யோசனை என்கிற தொந்தரவே கிடையாது.

தினமும் குப்பி காலியாகவே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் தண்ணீர்க் குடத்தை ஒட்டக் கவிழ்த்துக் காலி பண்ண மாட்டோம். எவ்வளவு தட்டுப்பாடானாலும் அடியில் ஒரு வாய்த் தண்ணீர் விட்டுவைப்போம். வெறும் குடம் இருக்கிற வீடு விளங்காது. அப்படியிருக்க, வாசலிலேயே வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு ஒரு காலிப் பாத்திரம் நின்றால் மழை எப்படி வரும்? பங்குனி முதல் தேதியிலிருந்து, நான் சுமந்து வந்த தண்ணீரில் தினமும் ஒரு சின்னச் செம்பு அதற்கும் ஊற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் நோட்டில் எழுதிவிடுவார்.

முதல் நாள் கண்ணாடி இரண்டு அங்குலம் காட்டியது. அவர் வானத்தைப் பார்த்தார். புழுதியைக் காலால் கிளறிப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்து, எழுதினார். கேட்டவர்களிடம், "நாம தூங்கறப்போ பெய்யுதுங்க, பூமி உடனே குடிச்சுப்போடுதுங்க" என்று விளக்கம் வேறு.

மாசக் கடைசியில் மத்தியாஸ் நோட்டைப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"பங்குனியில அறுபது அங்குலமா? மூணாறு மலையிலகூட இப்படிப் பெய்யலையே! உங்க ஊருக்குக் கிணறு எதுக்கு? படகுதான் வேணும்!"

ஊரார் வாயில் என் கையாலேயே மண்ணைப் போட்டுவிட்டேனே.

"நான்தானுங்க ஊத்துனேன். காலியா வெக்கப்படாதுன்னு..."

"ஏம் பூவாத்தா, இப்படிப் பண்ணிப்போட்டயே!" என்றார் என் வீட்டுக்காரர்.

மத்தியாஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எழுதினதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லேம்மா. பத்து நாள் தாரேன். பத்து நாளும் கண்ணாடி சைபர் காட்டினா, முந்தினது பிசகுன்னு எழுதலாம். ஒரு சொட்டு இருந்தாலும் கிணறு பக்கத்து ஊர் கோவிந்தாபுரத்துக்குத்தான்."

ஒன்பது நாள் சைபர். பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு வானம் இடித்துக்கொண்டு கொட்டியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு மழையில் தீர்கிற தாகமா எங்கள் தாகம்? நாலு நாளில் மறுபடி புழுதிதான். முதல் சொட்டு புழுதியில் விழுந்ததுமே பனையோலைக் குடையை எடுத்துக்கொண்டு ஓடி மழைமானிக்குப் பிடித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி, சாரல் பக்கவாட்டில் அடிக்க ஆரம்பித்தது.

அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, இந்த மனுஷன் குடையைப் பிடுங்கப்போகிறார் என்று பயந்தேன்.

"ஏனுங்க, கிணறுங்க!" என்று கத்தினேன்.

இறங்கி வந்தார். காற்று வந்த பக்கம் முதுகைக் கொடுத்து, மழைமானியை அணைத்துக் குந்திக்கொண்டார். "குப்பியில இல்லாததை நான் எழுத மாட்டேன் புள்ள" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர்மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்ததில்லை.

அப்போதுதான் மத்தியாஸின் வண்டி வந்து நின்றது. எங்களைப் பார்த்தார். கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். சொட்டச் சொட்ட நடந்து வந்து, குடைக்குள் தலையை நுழைத்துக் குப்பியை எடுத்துக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. குடைக்கடியிலேயே நோட்டை விரித்து, சைபர் என்று எழுதி, கிணற்றுக்குச் சிபாரிசும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு, "தலை துவட்ட ஒரு துண்டு கொடும்மா" என்றார்.

துண்டுக்கு எங்கே போவேன்? இரண்டு வருஷமாக மழையே இல்லாததால் கூரை வேய யாருக்கும் தோன்றவில்லை. உள்ளே துணிமணியெல்லாம் நனைந்து கிடந்தது. அந்த நேரத்தில் எங்கள் ஊரிலேயே காய்ந்திருந்தது அந்தக் குப்பி ஒன்றுதான்.