பத்து மாடுகளின் ரத்தம்

கர்ணனிடம் மாட்டு ரத்தம் கேட்டுப் போனவர்களில் மகிமா மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து, நல்லபடியாகப் பேசி, மாட்டைத் தொடவிடாமல் அனுப்பிவிட்டார். மகிமாவுக்கு மோர்கூடக் கிடைக்கவில்லை. ஓடைப்பட்டியைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்கள் முடிந்து மலையடி தொடங்கும் இடத்தில் அவருடைய தொழு இருந்தது. முப்பது மலைமாடுகள். முள்வேலியில் சாய்ந்தபடி, "எத்தன ஊசி?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு மாட்டுக்கு ரெண்டு தடவைண்ணே. மலையில மேயும்போது ஒண்ணு. கீழ பத்து நாள் அடைச்சு வச்சு, அப்புறம் ஒண்ணு."

"மலைமாட்டப் பத்து நாள் அடைச்சா அது என்னத்துக்காகும்?"

"அதத்தான் காகிதத்துல காட்டணும்ணே. நீங்க சொன்னா நம்ப மாட்டாக. ரத்தம் சொன்னா நம்பித்தான ஆகணும்?"

மலையில் மாடு மேய்க்க வனத்துறை கொடுத்த மேய்ச்சல் பாஸ் அந்த வருடத்தோடு முடிகிறது. புதுப்பிக்கலாமா, மாடுகளை நிரந்தரமாகக் கீழே இறக்கிவிடலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டிருந்தார்கள். காட்டில் ஏறி இறங்குவதால் மாடுகள் வெயிலில் வதைபடுகின்றன என்று ஒரு பேச்சு. இல்லை, அடைத்தால்தான் வதைபடும் என்று மாட்டுக்காரர்கள். எது உண்மை என்று சோதித்துச் சொல்லும் வேலை தேனியில் மகிமா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தது.

உடம்பு வெக்கையிலோ பயத்திலோ திணறும்போது ரத்த அணுக்களுக்குள் ஒரு புரதம் கூடும் என்று அவள் கர்ணனுக்கு விளக்கினாள். அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்று ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், அது ஒட்டிய இடம் படத்தில் கறுப்புக் கோடாக விழும் என்றும் சொன்னாள். கோடு தடித்தால் மாடு வதைபட்டிருக்கிறது. மெலிந்தால் நன்றாக இருக்கிறது.

கர்ணன் வேலியை விட்டு நிமிர்ந்தார். "சரி ஆத்தா. ஒண்ணே ஒண்ணு. என்ன வருதோ, வந்தபடி எழுதணும்."

"வந்தபடிதாண்ணே எழுதுவேன்."

சித்திரை வெயிலில் பத்து மாடுகளை அடைத்தார். மூன்றாம் நாளே அவை தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகிக்கொண்டன. எட்டாம் நாள், நெற்றியில் வெள்ளை விழுந்த சுட்டிப்பசு, மாசம் நிறையாமலே கன்று போட்டது. கன்றுக்கு உயிரில்லை. மகிமா போய் நின்றபோது கர்ணன் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். அவளைத் திட்டவில்லை. "இதையும் எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டாள். மீதி இரண்டு நாளையும் அவர் சொன்ன சொல்லுக்காக ஓட்டினார்.

ரத்தம் பிடித்த சோதனைக்குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் தேனிக்குப் பறப்பாள். வெள்ளணுக்களைப் பிரித்து, உடைத்து, அதிலிருக்கும் புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு, மெல்லிய தாள் போன்ற சவ்வுக்கு மாற்றி, அதன்மேல் ஆன்டிபாடியை ஊற்றி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு படம் எடுக்க இரண்டு நாள் பிடிக்கும். முதல் படத்தில் இடப்பக்கம் ஐந்து மாடுகளின் மலை ரத்தம், வலப்பக்கம் அதே ஐந்து மாடுகளின் அடைப்பு ரத்தம். இடப்பக்கம் கோடு இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. வலப்பக்கம் மை கொட்டியதுபோல் ஐந்து தடித்த கோடுகள். அதில் மூன்றாவது, சுட்டிப்பசுவுடையது, நடுவில் மிளகு அளவுக்கு வெள்ளையாக ஓட்டை விழுந்திருந்தது. சவ்வுக்கடியில் காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறது.

"திரும்ப எடுக்கட்டுமா சார்?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. முடிவுதான் பளிச்சுனு தெரியுதே. அருமையா வந்திருக்கு" என்றார் விஜய்ராஜ்.

விஜய்ராஜ் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி. போடிக்காரர். நாலு வருடமாக அவருக்குக் கீழேதான் இருக்கிறாள். ராயப்பன்பட்டியில் அவள் அம்மா இறந்தபோது மாதா கோயில் பூசையில் கடைசி வரை நின்று, கல்லறை வரைக்கும் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் அவர். சொந்தக்காரர்களே பாதியில் கழன்றுகொண்ட அன்று அவர் சட்டை முழுக்கச் செம்மண்ணாகித் திரும்பிப் போனார். அறிக்கையைத் தானே எழுதிவிடுவதாக அவர் சொன்னபோது, ஒரு வரி காட்டுங்கள் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆவணியில் உத்தமபாளையத்தில் ஒரு மண்டபத்தில் குழு கூடியது. மாட்டுக்காரர்கள் பின்வரிசைகளில் துண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கர்ணன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். மகிமா முன்னால் லேப்டாப்பை இயக்க உட்கார்ந்திருந்தாள். விஜய்ராஜ் கண் காட்டும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

நாலாவது தடவை அழுத்தியபோது படம் வந்தது. அவள் எடுத்த படம். வலப்பக்கம் ஐந்து தடித்த கோடுகள். மூன்றாவதில் வெள்ளை ஓட்டை. மேலே, 'மலையில்' என்று எழுதியிருந்தது. இடப்பக்கத்து மெலிந்த கோடுகளுக்கு மேல், 'தொழுவத்தில்'.

"மலையில மேயிற மாடுகள் எவ்வளவு வதைபடுதுன்னு நீங்களே பாருங்க" என்றார் விஜய்ராஜ்.

தட்டச்சுப் பிழை என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவர் கண்ணைப் பிடிக்கப் பார்த்தாள். அவர் அடுத்ததற்குக் கண் காட்டினார். 'மாடுகளின் நலன் கருதிக் கீழே இறக்கித் தீவன மையம் அமைக்கப் பரிந்துரை.' அதற்கும் கீழே 'களப்பணி: மகிமா.'

பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. கர்ணன் மட்டும் அசையவில்லை. மேடையைப் பார்க்காமல் அவளையே பார்த்தார். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. விஜய்ராஜ் மறுபடி கண் காட்டினார். அடுத்த பொத்தானையும் அவள்தான் அழுத்தினாள்.

கூட்டம் கலைந்ததும் கார் பக்கத்தில் அவரைப் பிடித்தாள்.

"சார், தலைப்பு மாறியிருக்கு."

"மாறல" என்றார் அவர், கார்க் கதவைத் திறந்தபடியே.

"நீங்களா மாத்துனீங்க?"

"மெதுவாப் பேசு. பாஸ் எப்படியும் நிக்கத்தான் போகுது, மேல முடிவு பண்ணிட்டாக. நாம குறுக்க நின்னா நமக்கும் ஒண்ணுமில்ல, அவகளுக்கும் ஒண்ணுமில்ல. தீவன மையம் வந்தா நம்ம கையில வரும். உனக்கும் அங்கன ஒரு போஸ்ட் இருக்கு. பேரப் போட்டிருக்கேன், பாத்தேல்ல?"

"சுட்டி போட்ட கன்னு?"

"எது?"

"எட்டாம் நாளு சார். செத்துப் பொறந்துச்சே."

"ஓ, அதுவா. மலையில அலைஞ்ச அலுப்புலன்னு சேத்திருக்கேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அவள் அழுதது பிறகுதான், பஸ்ஸில்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அவளுடைய குறிப்பேடு மேசை இழுப்பறையில் இல்லை. ஃப்ரீசரில் அவளுடைய தட்டு காலி. கூட்டிப் பெருக்கும் பவுனு, "சார்தான் பழசெல்லாம் கழிச்சுரச் சொன்னாக. உன்கிட்ட சொல்லலையா?" என்றாள். ஆனால் படம் எடுக்கும் இயந்திரம் ஒவ்வொரு படத்தையும் தேதியோடும், எடுத்தவர் அடித்த தலைப்போடும் தனக்குள் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். பத்து வருடமாக அந்த இயந்திரத்தைத் தொடாத விஜய்ராஜுக்கு அது நினைவில் இல்லை. மகிமா பிரதி எடுத்துக்கொண்டாள். குழுவுக்கு இரண்டு பக்கக் கடிதமும் எழுதினாள்.

எழுதியதை அனுப்பவில்லை. பதினோரு நாள் பையிலேயே வைத்துச் சுற்றினாள். செம்மண் படிந்த அந்தச் சட்டை கண்ணில் வந்து வந்து நின்றது. அவரே மனம் மாறிக் கூப்பிடுவார் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் அவர் கூப்பிட்டார். மையத்துக்கு எந்த இடத்தில் கொட்டகை போடலாம் என்று போய்ப் பார்த்துவரச் சொன்னார். அன்று அஞ்சலகத்துக்குப் போனாள்.

மூன்று வாரத்தில் குழு முடிவை நிறுத்தி வைத்தது. வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்று புதிதாக ரத்தம் எடுத்துப் பார்க்கும் என்றது. அந்த உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு மகிமா நேராக ஓடைப்பட்டிக்குப் போனாள்.

தொழுவில் பதினோரு மாடுகள் நின்றன. கர்ணன் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மத்ததெல்லாம் மலையிலயாண்ணே?"

"மத்தது குமுளி தாண்டி அடிமாடாப் போயிருச்சு. லாரி வந்துச்சு, ஏத்தி விட்டேன். பாஸ் இல்லாம முப்பது மாட்ட வச்சு நான் என்ன செய்ய?"

"எப்பண்ணே?"

"கூட்டம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும்."

கடிதம் அவள் பையில் கிடந்த நாட்கள். சுட்டியும் அங்கே இல்லை. அவள் உத்தரவை நீட்டினாள். தலைப்பை மாற்றியது தானில்லை என்று சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார்.

"நீ மாத்தலேன்னு எனக்கு அங்கனயே தெரியும் ஆத்தா. உன் மூஞ்சி வெளுத்ததப் பாத்தேன்ல. உன்கிட்ட ஒரு வாய் இருந்துச்சே, அது எங்க போச்சு?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.

வெளியூர்க்காரர்கள் வந்தபோது இரண்டு தடவையும் ரத்தம் எடுக்கக் கர்ணன் விட்டார். மாட்டின் கழுத்தை அவரே பிடித்துக்கொண்டார். மகிமாவை வேலிக்கு உள்ளே வரச் சொல்லவில்லை. அவர்கள் வேறு ஆன்டிபாடி வைத்துப் பார்த்தார்கள். மாசியில் முடிவு வந்தது. அவள் எடுத்த படத்தில் இருந்ததுதான் அதிலும் இருந்தது. பாஸ் புதுப்பிக்கப்பட்டது. மாடு மிச்சம் வைத்திருந்தவர்கள் மலையேறினார்கள். கர்ணன் பதினோரு மாடுகளோடு ஏறினார்.

விஜய்ராஜ் மேல் விசாரணை என்றார்கள். அவரை வேறு பிரிவுக்கு மாற்றியதோடு அது நின்றது. மகிமா வேறு வழிகாட்டியிடம் முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு நாள் பிற்பகல் மாடிப்படியில் விஜய்ராஜ் எதிரே வந்தார். ஒதுங்கிப் போவார் என்று நினைத்தாள். நின்றார்.

"நல்லா இருக்கியாம்மா? அப்பா சுகமா?"

"நல்லா இருக்கோம் சார்" என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டு மேலே ஏறிப்போனார். அந்த 'சார்' தன் வாயிலிருந்து அத்தனை மரியாதையாக வந்தது அவளுக்குத் தாங்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.