படிக்காத வரிகள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளர் அவள் மேசைக்கே வந்துவிட்டார். வழக்கமாக ஆள்விட்டுக் கூப்பிடுகிறவர் தானே எழுந்து வந்தால் விஷயம் லேசானது இல்லை என்று அர்த்தம். "இன்னிக்கு மதியத்துல இருந்து நம்ம லாக் எல்லாம் தலைமை அலுவலகத்துக்குப் போகுதும்மா. அங்க இருக்கிறவங்க படிப்பாங்க. அதனால அந்த மெசேஜ் எல்லாம்..." என்று இழுத்தார். பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "நமக்குள்ள இருந்த வரைக்கும் பரவாயில்ல. வெளியாளுங்க பார்த்தா ஒரு மாதிரி இருக்கும். ரெண்டு வாரமா சொல்லிட்டிருக்கேன்." எந்த மெசேஜ் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த அலுவலகத்தில் கதவு ஜன்னலுக்குக்கூட அந்தக் கதை தெரியும்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் குளிர் அறையில் பதினோரு சர்வர் கணினிகள் இரைந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் சூட்டைப் பார்க்க ஒன்று, ஃபேனைப் பார்க்க ஒன்று, கரண்டைப் பார்க்க ஒன்று என்று சின்னச் சின்னக் காவலாளிகள். ஏதாவது கோளாறு என்றால் மெஷின் ஒரு எண்ணை மட்டும் குறித்துவைக்கும். அந்த எண்ணை எடுத்து, அதற்கு என்ன பொருள் என்று ஒரு பட்டியலில் பார்த்து, பொருத்தமான வாக்கியத்தை லாக் என்ற பதிவேட்டில் எழுதுவது ஒரு சின்ன புரோகிராம். புரோகிராமையும் பட்டியலையும் எழுதியவன் அவள் கணவன். அப்போது அவனும் இதே அலுவலகம், அவளுக்கு அடுத்த மேசை. கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் வேலைக்குத் திரும்பிய வாரம்தான் புது மெஷின்கள் வந்து இறங்கின. அவன் அந்தச் சூட்டோடு சூடாக உட்கார்ந்து நாற்பத்திரண்டு வரிகள் எழுதினான். வேறு யாராவது என்றால் 'மூன்றாவது ஃபேன் பழுது' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அவன் எழுதியது, 'மூணாவது ஃபேனுக்கு மூச்சு வாங்குது. பாவம், போய்ப் பாரு.' லாக் படிப்பது அவளுடைய வேலை. அந்தப் 'போய்ப் பாரு' யாருக்கு என்று ஊருக்கே தெரியும். 'ரெண்டாவது டிஸ்க் முனகுது. உன்னை மாதிரி இல்ல, இது காரணத்தோட முனகுது' என்று ஒருநாள் வந்தபோது அறை முழுக்கச் சிரித்தது. அவளுக்கு முகம் சிவந்து, அன்று மதியம் அவனோடு சாப்பிடப் போகாமல் இருந்துபார்த்தாள். பதினைந்து நிமிஷம் தாங்கவில்லை.

மூன்றாவது வருஷம் அவன் ஆறு மாத வேலையாக வேறு ஊருக்குப் போனான். முதலில் தினமும் பேசினான். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு ஒருமுறை. அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒரு அளவு சட்டென்று எல்லையைத் தாண்டி விழுந்தால்தான் எச்சரிக்கை வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் வராது என்பது அவள் வேலையிலேயே பாலபாடம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், அங்கே தனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லி அழுதான். இவள் அவனைச் சமாதானப்படுத்தினாள். அதை இப்போது நினைத்தாலும் அவளுக்கு உடம்பு கூசுகிறது. செத்துப்போனவனுக்காக என்றால் ஊர் கூடி அழவிடும். உயிரோடு, நன்றாக, ஒரு கைக்குழந்தையோடு இருக்கிறவனுக்காக எவ்வளவு நாள் அழ முடியும்?

ஆள் போய்விட்டான், பேச்சு மட்டும் நிற்கவில்லை. விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டு எல்லாம் முடித்துவிட்டு வந்த அன்றுகூட, 'உள்ள சூடு ஏறுது. நீ கோபமா இருக்கியா?' என்று லாக்கில் வந்து நின்றது. இந்த ஐந்து வருஷத்தில் நாற்பத்திரண்டில் பத்தொன்பது வரிகள்தான் வந்திருந்தன. மிச்சம் இருபத்து மூன்று கெடாத பாகங்களுக்கு உரியவை. பட்டியலைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் படித்துவிடலாம். திறந்து பார்க்கக் கூடாது, வரும்போது வரட்டும் என்று அவன் அன்று சத்தியம் வாங்கியிருந்தான். சத்தியம் வாங்கியவன் தன் சத்தியத்தைக் காற்றில் விட்டான். இவள் மட்டும் இதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அவன் தன்னிடம் சொல்லாமல் விட்டது இன்னும் இருபத்து மூன்று இருக்கிறது என்ற நினைப்பில்தான் தினமும் பஸ் ஏறினாள். "இன்னுமா அந்த ஆபீசையே கட்டிட்டு அழற?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "வேலை பழகிடுச்சும்மா" என்பாள்.

மேலாளர் போன பிறகு அவள் தண்ணீர் குடித்தாள். பட்டியலைத் திறக்கவில்லை. மெஷினோடு வந்த சாதாரண வாக்கியங்கள் அடங்கிய பட்டியல் ஒன்று இருந்தது. அதை எடுத்து அப்படியே பழையதன் மேல் எழுதினாள். ஒரே ஒரு கட்டளை. பிரதி எடுத்துவைக்கவில்லை. "மாத்தியாச்சு சார்" என்று போய்ச் சொன்னாள். பரவாயில்லையே, நமக்கும் இவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதாள்.

மதியம் இன்னொரு வேலை பாக்கி. தலைமை அலுவலகத்துக்கு எல்லா விளக்கும் பச்சையாகக் காட்ட வேண்டும். ஏழாவது மெஷினில் மட்டும் ஒன்று மஞ்சளாக இருந்தது. உள்ளே ஒரு பொத்தான் அளவு பேட்டரி, அதன் சக்தி சில வாரங்களாக இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டோரில் புதுசு வாங்கிவந்து, மெஷினை வெளியே இழுத்து மூடியைத் திறந்தாள். நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அதை வேலை நேரத்தில் நிறுத்த முடியாது என்பதால் எல்லாரும் ஓடும்போதே செய்வார்கள். பழைய பேட்டரியை நெம்பி எடுத்தாள், புதியதை அழுத்தினாள், மூடினாள். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேசைக்குத் திரும்பும்போது போன் அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், தலைமை அலுவலகத்துல இருந்து பேசறேன். உங்க ஏழாவது மெஷின்ல இருந்து ரெண்டு மெசேஜ் வந்திருக்கு. எதுல சேர்க்கிறதுன்னு தெரியல. படிக்கட்டுமா?" பழக்கமில்லாத ஆண்குரல், மரியாதையான குரல்.

"படிங்க."

"மொதல்ல, 'மூடியைத் திறந்துட்டே. ஓரம் கூரா இருக்கும், விரலைப் பாத்துக்கோ.'"

இது ஏற்கெனவே வந்த வரிதான். ஆனால் காலையில் அழித்த பட்டியலிலிருந்து அது எப்படி வந்தது? புரோகிராம் கிளம்பும்போது பட்டியலை ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். அதை நிறுத்தி மறுபடி ஓட்டினால்தான் புதுப் பட்டியல் நடைமுறைக்கு வரும். பத்துப் பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இன்று காலை அவளுக்கு மறந்துபோயிருந்தது. பேட்டரியை எடுத்த அந்தச் சில நொடிகள் மெஷினுக்குப் பேட்டரி தீர்ந்ததாகத்தான் பட்டிருக்கும்.

"அடுத்தது கொஞ்சம் நீளம் மேடம். 'பேட்டரி தீந்துபோச்சு. அப்படின்னா நமக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு நாலரைக்கு எறங்கி வா. வாசல்ல நிக்கிறேன்.'"

பஸ் நேரத்தைப் படிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தான். இந்த மெஷினில் பேட்டரியை வைத்து அழுத்தும்போது, "இது அஞ்சு வருஷம் உழைக்கும்" என்று கணவன் அன்று சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. சொல்லிவிட்டு விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டுத் தனக்குத்தானே சிரித்தான். என்ன சிரிப்பு என்று கேட்டதற்கு, "உனக்கு எதுக்கு?" என்றான். போன மாதம் ஐந்து வருஷம் நிறைந்த நாளை அவள் பாத்திரம் தேய்த்தும் அலமாரியை ஒழித்தும் கடத்தியிருந்தாள்.

"லைன்ல இருக்கீங்களா மேடம்? இதை அவசரம்னு போடவா, சாதாரணம்னு போடவா?"

"சாதாரணம்."

"ஏதாவது செய்யணுமா?"

"பேட்டரி மாத்தியாச்சு. முடிஞ்சதுன்னு குறிச்சுக்கோங்க."

"பழைய பட்டியல் உள்ள ஓடுது போல மேடம். ஒரு தடவை நிறுத்தி ஓட்டிடுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

இன்னும் இருபத்திரண்டு வரிகள் புரோகிராமின் நினைவில் இருந்தன. அவற்றை வெளியே எடுக்கும் வழி அவளுக்குத் தெரியும். ஐந்தாவது வருஷத்துக்கு இப்படி எழுதியவன் மற்றவற்றில் என்னென்ன எழுதிவைத்தானோ என்று நினைத்தபோது பயமாக இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. எழுதிய அன்றைய அவன் நிச்சயம் வந்து நின்றிருப்பான். அவள் புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டினாள். புரோகிராம் ஓடத் தொடங்கியது என்று லாக்கில் ஒரு வரி விழுந்தது, ஆங்கிலத்தில், யாருக்கும் இல்லாமல்.

மணி நாலு இருபது. மேசையில் பாதி எழுதிய அறிக்கை கிடந்தது, கணினியை அணைக்கவில்லை, தண்ணீர் பாட்டில் மூடாமல் நின்றது. அவள் பையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆறு மணிக்கு முன்னால் ஒருநாளும் கிளம்பாதவளை மேலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

வாசலில் வெயில் இன்னும் தாழவில்லை. "என்னம்மா, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்?" என்றார் காவலர். "யாராச்சும் வர்றாங்களா?"

"இல்லண்ணே. யாரும் வரல."

சொன்னாளே தவிர நகரவில்லை. உள்ளங்கையில் அந்தப் பழைய பேட்டரி இருந்தது; எப்போது எடுத்துக்கொண்டு வந்தாள் என்று தெரியவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு வண்டி வேகம் குறைத்தது, பிறகு போய்விட்டது. காவலர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார், சாலையை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து போய், வண்டி வந்தால் மட்டும் திறக்கிற அந்த இரண்டாவது கதவின் தாழ்ப்பாளையும் நீக்கி, கேட்டை அகலத் திறந்துவைத்தார்.