வீட்டிலிருந்து ஒரு சீழ்க்கை

வெள்ளச்சிக்குச் சினிமா என்றாலே ஆகாது. பக்கத்து வீட்டு டிவியில் பாட்டுச் சத்தம் கேட்டால்கூடக் கதவைச் சாத்திக்கொள்கிறவள். அப்பேர்ப்பட்டவள், புது ‘இடிமுகன்’ வெளியான அன்றைக்கு, கொழுந்தன் பொன்னுரங்கத்தின் ஜீப்பில் ஏறி வெள்ளிமலையிலிருந்து இறங்கி, மகள் தமிழ்ப்ரியாவோடு கள்ளக்குறிச்சி தியேட்டர் வாசலில் வந்து நின்றாள் என்றால், காரணம் இல்லாமலா?

காரணம் அவள் புருஷன் மாயவன். பழைய ‘இடிமுகன்’ படத்தை மலையில்தான் எடுத்தார்கள். முகமூடி போட்ட நாயகன் அருவி உச்சியிலிருந்து குதிக்க வேண்டும். பட்டணத்திலிருந்து வந்த டூப் ஆள் கீழே எட்டிப் பார்த்தான். உடனே காய்ச்சல் வந்து படுத்துவிட்டான். தேன் எடுக்கப் பாறை பாறையாக ஏறுகிற மாயவனைப் பிடித்து அந்தச் சிவப்பு உடுப்பை மாட்டிவிட்டார்கள். குதித்தான். அழகாகத்தான் குதித்தான். மேலே வரவில்லை. எவ்வளவோ தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. அவன் துண்டை வைத்துத்தான் காரியம் செய்தார்கள். தமிழ்ப்ரியா அப்போது வயிற்றில் இருந்தாள். அந்தப் பாவிகள் அந்தக் குதியைப் படத்திலிருந்து எடுக்கவும் இல்லை. அந்த இடம் வந்தால் போதும், ஊர் ஊராகச் சனம் எழுந்து நின்று விசிலடித்தது.

சங்கதியே அந்த விசிலில்தான் இருக்கிறது. வெள்ளச்சியின் ஊரில் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுவது சீழ்க்கையில். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவனைத் தொண்டை கிழியக் கத்தினாலும் எட்டாது, சீழ்க்கை எட்டும். வீட்டுக்கு வீடு ஒரு சீழ்க்கை உண்டு. மாயவனுடையது இரண்டு குட்டை, ஒரு நெட்டை. வந்துட்டேன், சோறு போடு என்று அர்த்தம். வெள்ளச்சி ஒரே நீட்டாகப் பதில் கொடுப்பாள். வா என்று அர்த்தம்.

ஆனால் பாறையிலிருந்து விழுந்து செத்தவனைப் பார்த்து மட்டும் யாரும் சீழ்க்கையடிக்கக் கூடாது. அடித்தால், நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவன் கிளம்பி வந்துவிடுவான். ஊர் எல்லையில் நின்று தன் சீழ்க்கையைக் கொடுப்பான். வீட்டிலிருந்து பதில் போகாதவரைக்கும் வீட்டுக்குள்ளே வரமாட்டான். பதில் போனால் வருவான். வந்தவன் திரும்பும்போது பதில் கொடுத்த ஆளையும் கூட்டிக்கொண்டுதான் போவான். மலையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்குத் தெரியுமா?

அந்தப் படம் ஓடிய நாளெல்லாம், பொழுது சாய்கிற நேரத்தில், ஓடைப் பக்கமிருந்து இரண்டு குட்டை, ஒரு நெட்டை கேட்டது. வெள்ளச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பண்டிகைக்கு டிவியில் படம் போடும்போதெல்லாம் கேட்டது. டிவி இல்லாத வீட்டிலிருந்தே, இன்றைக்கு அந்தப் படம் போட்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வருஷம் போகப் போக சனம் படத்தை மறந்தது. சீழ்க்கையும் கம்மியானது. அப்பாடா என்று மூச்சு விட்டவள் தலையில்தான் இந்தப் புதுப் படம் வந்து விழுந்தது. புதுசிலும் அந்தக் குதி இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“ம்மா, கையாவது தட்டலாமா?” என்றாள் தமிழ்ப்ரியா.

“தட்டு. வாயில வெரல மட்டும் வச்ச, தோல உரிச்சிடுவேன்.”

“ஊரே அடிக்குது, நான் மட்டும் ஊமக்கோட்டான் மாறி உக்காரணுமா?”

“உக்காரு.”

உள்ளே பெயர் போட்டபோது கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். புது நாயகன் முகமூடியோடு வந்து நின்றதும் அது பொசுக்கென்று அடங்கியது. “இன்னாடா இது, முருங்கக்கா மாறி இருக்கான்!” என்றான் முன் வரிசைக்காரன் ஒருவன். “பழைய ஆளு நின்னாலே பாறை நிக்கிற மாறி இருக்கும்டா” என்றான் இன்னொருவன். இடைவேளையில் பாப்கார்ன் கடையில் அடிதடி நடக்காத குறை. பழசுதான் உசத்தி என்று ஒரு கட்சி. பழசைப் பிடித்துத் தொங்காதே என்று ஒரு கட்சி. வெள்ளச்சி யாரையும் காதில் வாங்கவில்லை. அருவி இன்னும் வரவில்லையே என்பதுதான் அவள் கவலை.

அருவி வந்தது. கம்ப்யூட்டரில் செய்த அருவி. புது நாயகன் உச்சியில் நின்றான், குதிக்கவில்லை, பறந்தான். தியேட்டர் கொட்டாவி விட்டது. “குதிடா டேய்!” என்று யாரோ கத்த, பத்துப் பேர் சிரித்தார்கள். வெள்ளச்சிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மகள் கையிலிருந்த பாப்கார்னைப் பிடுங்கி அவளே பாதியைத் தின்றாள்.

படம் முடிந்து ஆட்கள் எழுந்து நடக்கத் தொடங்கினார்கள். அப்போது, பழைய இடிமுகனுக்கு வணக்கம் என்று திரையில் எழுத்து வந்தது. அதன் பின்னாலேயே வந்தது அந்தப் பழைய அருவி, அந்தப் பாறை, சிவப்பு உடுப்பில் மாயவன்.

பழைய படத்தில் அந்தக் காட்சியை அவள் ஒரு தரம் பார்த்திருக்கிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவான், குதிப்பான், அவ்வளவுதான். இன்றைக்கு அவன் பாறை விளிம்பில் நின்றான். நின்று திரும்பினான். அன்றைக்குப் படம் எடுத்தபோது, கேமராவுக்குப் பின்னால் கஞ்சித் தூக்கோடு அவள் நின்றிருந்த இடத்தைப் பார்த்தான். உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குதிப்பதற்கு முன்னாலேயே நனைந்திருந்தான்.

சனம் அதையெல்லாம் கவனித்ததா? முகமூடியைக் கண்டதும் நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தது. அத்தனை விசிலுக்கும் அடியில், திரைக்குப் பின்னாலிருந்து, வெள்ளச்சிக்கு அது தனியாகக் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பக்கத்தில் தமிழ்ப்ரியா உதட்டுக்கு விரலைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். வெள்ளச்சி அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்து, தரதரவென்று வெளியே இழுத்து வந்தாள்.

வாசலில் யூடியூப் பெண் ஒருத்தி மைக்கை நீட்டினாள். “அம்மா, படம் எப்டி இருக்குங்க?”

“தொப்பலா நனைஞ்சிட்டாரு” என்றாள் வெள்ளச்சி. “குளுருது அவருக்கு.”

அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மலைப்பாதையைப் பனி மூடியது. பொன்னுரங்கம் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். இன்னா அண்ணி, ரெண்டு பேரும் பேயறஞ்ச மாறி வரீங்க, என்று கேட்டுப் பார்த்தான்.

ஜீப்பை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் தமிழ்ப்ரியா சொன்னாள். “அப்பா திரும்பிப் பாத்தாரு இல்ல?”

வெள்ளச்சிக்குக் கால் நின்றுபோனது. “உனுக்கும் தெரிஞ்சிதா?”

“ஓடையாண்ட விசிலடிக்கிறதும் தெரியும். சின்னதுலேர்ந்து கேட்டுக்கினுதாம்மா இருக்கேன். நீ வாயில துணிய வச்சிக்கினு அழுவுறதயும் பாத்துக்கினுதான் இருக்கேன்.” அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஊரு உலகமெல்லாம் அவர கூப்புடுதும்மா. வூட்லேர்ந்துதான் ஒருத்தரும் கூப்புடல.”

அந்தப் பேச்சு வெள்ளச்சியை நெஞ்சில் மிதித்தது.

அன்றைக்குச் சீழ்க்கை ஓடையிலிருந்து வரவில்லை. மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாலிருந்து வந்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மறுபடியும். தமிழ்ப்ரியா வாசல்படியில் நின்று உதட்டைக் குவித்தாள். அவள் முகத்தில் பயம் கொஞ்சம்கூட இல்லை, ஆசைதான் இருந்தது. அப்பன் முகமே பார்க்காத பிள்ளை. இன்றைக்குத் தடுக்கலாம், நாளைக்கும் தடுக்கலாம். தான் காட்டுக்குப் போன நேரத்தில் என்றைக்காவது ஒருநாள் இவள் பதில் கொடுக்காமல் விடப்போவதில்லை என்பது வெள்ளச்சிக்குத் தெரிந்துபோனது.

மகளை உள்ளே தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட, இத்தனை வருஷம் அடக்கி வைத்த ஏக்கம் பெரிசாக இருந்தது. உதட்டைக் குவித்து ஊதினாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மறுபடியும் ஊதினாள். ஒரே நீட்டு.

கொட்டாய்ப் பக்கம் சத்தம் அடங்கியது. மாடு இரண்டும் எழுந்து நின்று வழிவிட்டன.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், கள்ளக்குறிச்சியிலிருந்து கூடப் படிக்கும் டயானா போன் செய்தாள். “இன்னாடி, உங்கப்பாவ படத்துலேர்ந்து தூக்கிட்டாங்களா? நேத்து நாங்க போனோம். கடைசியில வெறும் பாறையக் காட்டுறான். அருவி ஊத்துது, ஆளக் காணோம். எவனும் விசிலே அடிக்கல தெரியுமா? அப்டியே சத்தமில்லாம எறங்கிப் போய்ட்டாங்க.”

தமிழ்ப்ரியா பழைய படத்தைப் போனில் தேடிப் போட்டுப் பார்த்தாள். அதிலும் பாறைதான் இருந்தது.

“ம்மா!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். “படத்துல அப்பா இல்லயாம்!”

வெள்ளச்சி அடுப்பண்டை உட்கார்ந்து சாமைச் சோற்றைத் தட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று தட்டு. அவள் புடவைத் தலைப்பு நனைந்து கிடந்தது. மூலையில் விரித்திருந்த கம்பளியைச் சுற்றித் தரையெல்லாம் ஈரம்.

“மெதுவாப் பேசு, இப்பதான் கண்ணசந்தாரு” என்றாள். “வந்த நாள்லேர்ந்து போவலாம் போவலாம்னு ஒரே அவசரம் அவருக்கு. நீ படிச்சி முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கய்யான்னு சொல்லி வச்சிருக்கேன்.”