நாலு வீட்டுத் திறப்பு

“எட்டு நிமிசம்,” என்றாள் அற்புதராணி. “வந்து, விளக்குக் கொளுத்தி, பூட்டிக்கொண்டு போக எட்டே எட்டு நிமிசம். எல்லாம் கமராவிலை கிடக்கு.”

கனடாவிலிருந்து வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. உடுவில் வீட்டு விறாந்தையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி குற்றப்பத்திரிகை வாசிப்பவள்போல நின்றாள். எதிரே அவள் புருசனின் தங்கச்சி குணலட்சுமி. கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் மாரடித்துவிட்டு ஸ்கூட்டரை நேரே இங்கே விட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அல்லவா?

“நாலு வீடு, மச்சாள். ஒரு வீட்டுக்கு எட்டு நிமிசமே பெரிய காரியம்.”

“மற்ற வீடுகளைப் பற்றி எனக்கென்ன? வெள்ளியிலை ஒழுங்கா விளக்கெரியாத வீட்டுக்கு மூதேவி வருவாள் எண்டு உமக்குத் தெரியாதோ?”

தெரியாமல் என்ன. ஓர் அண்ணன், இரண்டு அக்கா, ஒன்றுவிட்ட தம்பி என்று வெளிநாடு போனவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வீட்டுத் திறப்பை அவள் கையில் வைத்து, “நீதானே ஊரிலை நிக்கிறாய்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரில் நின்றது குற்றமாகிவிட்டது. கூட்டு, மோட்டரைப் போட்டுப் பார், தேங்காய் பொறுக்கு, வெள்ளியில் விளக்கு வை. மருதனார்மடத்தில் கடைசி வீட்டைப் பூட்டும்போது ஊர் இருண்டுவிடும்.

“அதை விடும். இதென்ன?” அற்புதராணியின் விரல் திரையைத் தள்ளியது. “தையிலை ஒருக்கா வியாழக்கிழமை விளக்கு வைச்சிருக்கிறீர். வெள்ளி ஆளையே காணேல்லை. சாமியைப் பேய்க்காட்டலாம், கமராவைப் பேய்க்காட்டேலாது.”

“ஆரணிக்கு டெங்கு. வெள்ளிக்கிழமை முழுக்க ஆசுப்பத்திரியிலை பிள்ளையோடை நிண்டனான்.”

“சொல்லியிருக்கலாமே?”

“சொன்னனான். ‘மோட்டர் போட்டனீரோ’ எண்டு பதில் போட்டனீங்கள்.”

சாய்மனைக் கதிரையில் கிடந்த அண்ணன் அருளம்பலம் பேப்பரைத் தாழ்த்தாமலே கதைத்தார். “குணம், அவள் சொல்லுறதைக் குறை நினையாதை. வாற கிழமை பெயின்ரடிக்க ஆக்கள் வருகினம். நாங்கள் கொழும்புக்குப் போறம். நீ லீவு போட்டு வந்து நில்.”

குணலட்சுமிக்குச் சிரிப்புத்தான் வந்தது. போன வெள்ளி களைத்து விழுந்து வீட்டுக்குப் போனபோது எட்டு வயது ஆரணி வாசலில் நின்று கேட்டாள்: “அம்மா, ஆளில்லாத நாலு வீட்டிலையும் விளக்கெரியுது. ஆக்கள் இருக்கிற எங்கடை வீட்டிலை ஏன் எரியிறேல்லை?”

சாவிக்கோர்வையிலிருந்து உடுவில் வீட்டுத் திறப்பைக் கழற்றினாள். நகம் ஒன்று உடைந்தது. மேசையில் வைத்தாள்.

“இந்தாங்கோ. மற்ற மூண்டு பேருக்கும் நாளைக்கு அறிவிக்கிறன், வேறை ஆள் பாக்கச் சொல்லி.”

“அப்ப அண்ணன்ரை உறவு வேண்டாமோ உனக்கு?” நீர் போய் நீ வந்துவிட்டது.

“உறவு வேணும், மச்சாள். காவல் வேலைதான் வேண்டாம்.”

“உன்ரை பெட்டையின்ரை சாமத்தியச் சடங்குக்கு உன்ரை வாசல்படி மிதிக்கமாட்டம்!”

“பரவாயில்லை. வாசலிலை ஒரு கமரா பூட்டிவிடுறன், அங்கையிருந்து பாருங்கோ.”

அப்போதுதான் பேப்பர் தாழ்ந்தது. ‘இரு, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ’ என்று அண்ணன் ஒரு சொல் சொல்லியிருந்தால், அவள் அந்தத் திறப்பைத் திரும்ப எடுத்துத்தான் இருப்பாள்.

“குணம்,” என்றார் அருளம்பலம், “அப்ப பெயின்ரடிக்க வாறவங்களுக்கு ஆர் கதவு திறக்கிறது?”

அவள் முற்றத்தில் இறங்கிப் போய், படலையடியில் நின்று கமராவை அண்ணாந்து பார்த்தாள்.

“நாலு நாப்பத்திரண்டு. நான் போறன். இதையும் பாத்து வையுங்கோ!”

தன் வீட்டில் குத்துவிளக்கின் பழைய திரி கருகி ஒட்டிக்கிடந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்தாள். எண்ணெய் விட்டு, புதுத் திரி வைத்து, நெருப்புக்குச்சியைத் தட்டும்போது கைபேசி அடித்தது.

“அம்மா, கனடா மாமி எடுக்கிறா,” என்று ஆரணி ஓடி வந்தாள். “என்ன சொல்ல?”

குணலட்சுமி திரியைக் கொளுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“அம்மா வீட்டிலை நிக்கிறா எண்டு சொல்லு.”